ஒரு கண்ணும் நிற்காத சுவர்

பொள்ளாச்சி அருகே சிற்பங்கள் நிறைந்த பழைய மண்டபம் ஒன்றைப் புதுப்பித்தோம். இடப்பக்கச் சுவரின் விரிசல்களை என் பிடிவாதத்தால் சிமெண்டில் அடைத்தோம். வலப்பக்கத்தைக் கொத்தனார் சரஸ்வதி அக்கா சுண்ணாம்பிலேயே பூசினார். "எதுக்கு இவ்வளவு மெனக்கெடறீங்க?" என்று நான் கேலிகூடச் செய்தேன்.

பிறகு, வேலை எப்படி அமைந்திருக்கிறது என்று அறிய, கண் எங்கெங்கே நிற்கிறது என்று பதிவுசெய்யும் கண்ணாடியைப் பார்வையாளர்களுக்கு மாட்டினோம். கண் நின்ற இடமெல்லாம் திரையில் சிவப்புப் புள்ளி விழும். என் சிமெண்டின் மேல் ஒரே சிவப்பு. அக்கா பூசிய பக்கம் ஒன்றுகூட இல்லை.

அவர் முகம் வாடிவிட்டது. "ஏனுங்க சார், என்ற வேலைய ஒருத்தருமே பாக்கலீங்களா?"

"விரிசல் இருந்த இடமே யாருக்கும் தெரியலைங்கக்கா. என்னுதுதான் கண்ணை உறுத்துது. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்."

அக்கா நிமிர்ந்தார். "அப்ப அதையும் பேத்துப்போட்டு நானே பூசறனுங்க."

இன்று எல்லோரும் சுவர்களைக் கவனிக்காமல் சிற்பங்களைப் பார்க்கிறார்கள். எனக்கு அதில்தான் பெருமை.