கிளாரியின் காதுக்கேற்ற மெட்டல் டிடெக்டர்

நோலீன் ட்ரூவின், ஆஸ்திரேலியாவில் டனோலி என்ற சிற்றூரில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். அவள் கணவன் கிளாரி, மர அறுவை மில்லில் பாதி ஆயுளைக் கழித்தவன். ஞாயிறானால் இருவரும் அயர்ன்பார்க் மரக் காட்டுக்குள் தங்கம் தேடப் போவார்கள். அவன் டிடெக்டரைத் தரையோடு வீசிக்கொண்டே முன்னால் நடப்பான். அவள் களைக்கொத்தும் தேநீர்க் குடுவையுமாகப் பின்னால்.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு பொட்டுத் தங்கம்கூடக் கிடைக்கவில்லை.

"மிஷின் செத்துப்போச்சு நோலீன். அடியில இன்னும் பெரிய தட்டு வெச்சதா வாங்கணும்."

"நீதான் செத்துப்போயிட்ட. மிஷினைக் குத்தம் சொல்லாத."

ஒருநாள் ஹெட்போன் வயர் அறுந்துபோனதால் ஸ்பீக்கரிலேயே ஓடவிட்டார்கள். சீராக முனகிக்கொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் சன்னமாக மேலே ஏறி இறங்கியது. கிளாரி நிற்கவே இல்லை. ஆணி என்று விட்டுவிட்டானோ என்று நினைத்துக்கொண்டே நோலீன் அந்தச் செம்மண்ணைக் கொத்திப் பார்த்தாள். பருப்பளவு தங்கக் கட்டி! கூப்பிட வாயைத் திறந்தவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது: அவனுக்கு அது கேட்கவே இல்லை. சத்தமாக டிவி வைக்கிறாயே என்றாலே மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவன். அவள் கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரமே அவனை பக்கத்து ஊரான மேரிபரோவில் டல்சி பாஸ்கோவின் டிடெக்டர் கடைக்குக் கூட்டிப் போனாள். கிளாரி நேரே போய், இருப்பதிலேயே பெரிய கருவியைத் தடவிக்கொண்டு நின்றான்.

"ஆழத்துல இருக்கறதையும் இழுத்துடும்," என்றாள் டல்சி.

"முதல்ல கொல்லையில வீசிப் பாக்கட்டும்," என்றாள் நோலீன்.

கடைக்குப் பின்னால் செம்மண் பாத்தியில் டல்சி சின்னக் கட்டிகளைப் புதைத்து வைத்திருந்தாள். பெரிய கருவி கட்டியின் மேல் மெல்லக் கீச்சிட்டது. கிளாரி தாண்டிப் போய்விட்டான். டல்சி திரும்பிப் பார்த்தாள். பேசாதே என்று நோலீன் தலையசைத்தாள். இரண்டாவது கருவி இறகு மாதிரி லேசு, ஆனால் கொசுபோல ரீங்காரமிட்டது. அதையும் தாண்டினான்.

"இப்படிக் கீச்சுன்னு இல்லாம, சுருதியைக் கீழ இறக்கற மாதிரி ஏதாவது இருக்கா?" என்றாள் நோலீன்.

டல்சி மூன்றாவதை எடுத்து வந்தாள். பழைய மாடல், கொஞ்சம் கனம். நோலீன் அதன் சுருதிக் குமிழை அடிமட்டத்துக்குத் திருகிக் கொடுத்தாள். இரண்டு எட்டு வைத்ததும் கிளாரி மரம்போல நின்றான்.

"இங்க இருக்கு! மாடு மாதிரி கத்துது!"

சிரித்த முகம் அப்படியே மெல்லச் சுருங்கியது. "மத்த ரெண்டும் இந்த இடத்துல கத்துச்சா?"

டல்சி உள்ளே ஏதோ வேலை இருப்பதுபோல் போய்விட்டாள்.

"கத்துச்சு கிளாரி."

"உனக்கு எப்பத் தெரியும்?"

நோலீன் பையிலிருந்து கட்டியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "ஞாயித்துக்கிழமை நீ மிதிச்சுட்டுப் போனது."

அவன் அதை வெகுநேரம் புரட்டிப் பார்த்தான்.

"திருடி! அன்னிக்கு முழுக்க ஒண்ணுமே இல்லன்னு என்னைப் புலம்பவிட்டியே!"

"மிதிச்சவனுக்கா சொந்தம்? குனிஞ்சு எடுத்தவளுக்குத்தான்."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தான். மூன்றாவது கருவியையே வாங்கினார்கள். அதை வைத்து டார்னகல்லா பக்கம் அவன் தானே கேட்டு, தானே தோண்டி, மொச்சைக்கொட்டை அளவில் ஒன்றை எடுத்தான். அன்று மதுக்கடையில் அதைப் பார்க்காத ஆள் இல்லை.

குளிர்காலம் வந்ததும், யாரும் சொல்லாமல், பெண்டிகோ நகரத்துக்குப் போய்க் காதுக்கும் கருவி மாட்டிக்கொண்டு வந்தான். மறுநாள் காலையில் அடுப்படிக்கு வந்தவன் முகம் வெளிறியிருந்தது.

"நோலீன், நீ இப்படிக் குறட்டை விடுவேன்னு ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லவே இல்ல?"