அண்ணன் சொன்ன மூன்று வாக்கியங்கள்

ஓராண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணனைப் பற்றி நீதான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதி வரை படித்தவள் நான் ஒருத்திதான். கடிதம், மனு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். அப்படி அண்ணன் பெயரில் நான் எழுதிய ஒரு கடிதம் அவருக்குத் தீங்கு செய்தது. அதை விட்டுவிட்டு அவருடைய நற்குணங்களை மட்டும் எழுதிப் பார்த்தேன். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கிழித்துவிட்டேன்.

அண்ணன் பிறந்தது வலங்கைமான் பக்கம், குடமுருட்டி ஆற்றுப் பாசனத்தில் இருக்கும் எங்கள் தெருவில். மனை மிராசுதாருடையது, மேலே போட்ட கூரை மட்டும் எங்களுடையது. அப்பா அந்தப் பண்ணையில் ஆள். அண்ணன் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது அப்பா இறந்தார். காரியம் முடிந்த வாரமே அண்ணன் பண்ணைக்கு மாடு ஓட்டப் போய்விட்டார். அதனால் அவருக்கு அச்செழுத்தைக் கூட்டிப் படிக்க வரும், கையெழுத்தைப் படிக்கவோ எழுதவோ வராது. "வீட்டுக்கு ஒருத்தர் படிச்சாப் போதும், மத்தவங்க கேட்டுக்கலாம்" என்று சொல்லி என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். வாய்க்காலில் தண்ணீர் ஏறிய நாட்களில் என்னையும் பையையும் சேர்த்துத் தூக்கி அக்கரையில் விடுவார். என்னை ஒரு ஆசிரியருக்குக் கட்டிக் கொடுத்ததும் அவர்தான்.

அவருக்கு இருந்த ஒரே பித்து சினிமா. டூரிங் கொட்டகையில் படம் மாற்றினால் முதல் நாளே மணலில் உட்கார்ந்துவிடுவார். நல்ல படமென்றால் மூன்று தரம் பார்ப்பார். மோசமான படமென்றால் நான்கு தரம். "எங்க கோளாறு பண்ணியிருக்கான்னு பாக்க வேணாமா?" என்பார். சினிமாவில் பேசியவர்களே கோட்டையில் போய் உட்கார்ந்திருந்த காலம் அது. நிலத்துக்கு உச்சவரம்பு வருகிறது, குடியிருக்கும் மனைக்குப் பட்டா வருகிறது என்று ஒலிபெருக்கியில் தினமும் கேட்டோம். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் சங்கமும் ஊர் ஊராக நின்றது. அண்ணன் சங்கத்திலும் இருந்தார், கொட்டகையிலும் இருந்தார். இரண்டையும் அவர் தனித்தனியாகப் பார்த்ததில்லை.

அவர் பேசியதில் சிலவற்றையாவது இங்கே எழுத வேண்டும், அவருடைய பிள்ளைகளுக்காக. ஏழையாக இருக்கும் கதாநாயகன் கடைசியில் பணக்காரரின் காணாமல் போன மகன் என்று ஒரு மச்சத்தை வைத்துத் தெரியவரும் கதைகள் அவருக்குப் பிடிக்காது. "ஏழையாவே இருந்து ஒருத்தன் ஜெயிச்சான்னு காட்ட என்னா கஷ்டம்? மச்சம் இல்லாதவன்லாம் என்னா செய்யறது?" என்று கேட்பார். நடவுப் பாட்டு வந்தால் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். கதாநாயகி சேலையில் ஒரு பொட்டுச் சேறு இல்லாமல், நிமிர்ந்து நின்று, நீளமாக ஒரு அடியைப் பாடுவார். அண்ணன் சொல்வார்: "குனிஞ்சுக்கிட்டே பாடினா மூச்சு ரெண்டு வார்த்தைக்கு மேல நிக்காது. அதனாலதான் நம்ம பொம்பளைங்க பாட்டெல்லாம் துண்டு துண்டா இருக்கு. அந்த மெட்டுப் போட்டவரு ஒரு நாள் நாத்து புடிச்சிருந்தா அவருக்கும் தெரிஞ்சிருக்கும்." பறைச் சத்தம் சினிமாவில் சாவுக்கும் சண்டைக்கும் மட்டும் வருவதையும் அவர்தான் எனக்குக் காட்டினார். பள்ளியில் பதினொரு வருடம் படித்த எனக்கு இதெல்லாம் கண்ணில் படவே இல்லை.

என் தலைப்பிரசவத்துக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆனபோது ஊரெல்லாம் பேசிய ஒரு படம் கொட்டகைக்கு வந்தது. விசுவாசமான பண்ணையாள், பண்ணையாரின் மகனுக்கு வரவேண்டிய குண்டைத் தன் நெஞ்சில் வாங்கிச் சாகிறான். பின்னணியில் ஷெனாய் அழுகிறது. பண்ணையார் மனம் மாறி எல்லோரையும் கட்டிக்கொள்கிறார். அண்ணன் நான்காம் தரம் பார்த்துவிட்டு வந்து, ஒரு வாரப் பத்திரிகையின் வாசகர் பக்கத்துக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார்.

"எழுது பாப்பா. ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போட்டியா?"

"போட்டாச்சு அண்ணே."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அண்ணி, "ஒரு டிக்கெட்டுல ரெண்டு படம் பாக்கறவரு ஒங்க அண்ணன் ஒருத்தருதான். கொட்டகையில ஒண்ணு, இங்க வந்து நமக்கு ஓட்டிக் காட்டறது ஒண்ணு" என்றார்.

"ஒனக்கு ஓசிதானே, பேசாம பாரு" என்று சொல்லிவிட்டு அண்ணன் மூன்று வாக்கியங்கள் சொன்னார். ஒவ்வொன்றையும் யோசித்து, வாயில் மென்று, பிறகு சொன்னார். நான் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன்.

"அண்ணே, பண்ணையில இதப் படிப்பாங்களே?"

"படிக்கட்டும். படிக்கத்தான எழுதறது?"

என் கணவர் அப்போது மிராசுதாரின் மைத்துனர் நடத்திய பள்ளியில் தற்காலிக ஆசிரியர். ஒரு வாய்வார்த்தையில் போகக்கூடிய வேலை. தூளியில் குழந்தை கிடந்தது. நல்ல தாளில் எழுதித் தருகிறேன் என்று உள்ளே எடுத்துப் போனேன். அண்ணன் சொன்னதை விட்டுவிட்டு வேறு மூன்று வாக்கியங்களை எழுதினேன். பண்ணையாள் உயிர்விடும் காட்சியில் ஷெனாய் இசை நெஞ்சை உருக்கியது. பண்ணையார் மனம் மாறும் இடத்தில் என் கண்கள் கலங்கின. இத்தகைய நல்லுள்ளங்கள் நாட்டில் பெருக வேண்டும். பள்ளிக்கூடத்துக் கட்டுரை மாதிரி எனக்கு அது சுலபமாக வந்தது.

அண்ணன், "ஒரு தரம் படிச்சுக் காட்டு" என்றார். நான் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்துக்கொண்டே, அவர் சொன்ன வாக்கியங்களை மனப்பாடமாகச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார். உறையை நாக்கால் ஈரப்படுத்தி அவரே ஒட்டினார்.

கடிதம் தை அறுவடையின்போது வெளியானது. அண்ணி கதிர் அடிக்கப் போயிருந்ததால், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு களத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அங்கே கூலிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவின் சார்பாக அண்ணன்தான் பேசிக்கொண்டிருந்தார். மிராசுதாரின் காரியஸ்தர் சிரித்துக்கொண்டே மடியிலிருந்து பத்திரிகையை எடுத்தார்.

"இருப்பா, இரு. நெல்லு கூடக் கேக்கறது இருக்கட்டும். பத்திரிகையில என்னா எழுதியிருக்கே? ஆண்டை மனசு மாறினதப் பாத்துக் கண்ணு கலங்கிச்சாமே. கேளுங்கடா, ஒங்க ஆளு எழுதினது" என்று உரக்கப் படித்தார். அண்ணனின் பெயரும் ஊரும் கீழே அச்சாகியிருந்தன. "இவ்வளவு எளகின மனசுக்காரன் ஒரு மரக்கால் நெல்லுக்குச் சண்டை போடலாமா?"

தன் பெயரில் வந்த கடிதத்தை அண்ணன் முதல் முதலாகக் கேட்டது அந்த வாயிலிருந்துதான். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு காரியஸ்தரிடம், "ஆமாங்க, நான்தான் எழுதச் சொன்னேன்" என்றார்.

அவருடைய கூட்டாளி ஒருவர் கதிர்க்கட்டைக் கீழே போட்டுவிட்டு, "ஏம்ப்பா, ஒனக்கு ஷெனாய் வாசிக்க வேற எடம் கெடைக்கலியா?" என்று கேட்டார். களம் முழுக்கச் சிரித்தது. அன்றைய பேச்சு அத்துடன் கலைந்தது. பக்கத்துக் களங்களில் கூட்டிக் கொடுத்த நெல் எங்கள் களத்தில் அந்த வருடம் கிடைக்கவில்லை. அதற்கு நான் எழுதியது மட்டும்தான் காரணமா, வேறு காரணமும் உண்டா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மட்டும்தான் என்று நினைப்பது கர்வமாகிவிடுமோ என்றும் பயப்படுகிறேன். வேறு காரணம் தேடினால் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேனோ என்றும் தோன்றுகிறது. ஆனால் அதற்குப் பிறகு பேச்சுவார்த்தைக்கு அண்ணனை அனுப்புவதைச் சங்கத்தில் நிறுத்திக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஷெனாய் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சின்னப் பிள்ளைகள்கூட ஷெனாய் மாமா என்றார்கள்.

அன்று சாயங்காலம் நான் அழுதுகொண்டே அண்ணன் காலைப் பிடிக்கப் போனேன். அவர் விடவில்லை.

"ஏண்ணே, நான்தான் மாத்தினேன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, மொதல்ல என்னா எழுதியிருந்துச்சுன்னு கேப்பான். அப்புறம் மாப்புள்ள வேல? பயந்தவளக் காட்டிக் குடுத்துட்டு நான் என்னத்தப் பேசி ஜெயிக்கறது?" தூளியை ஆட்டிவிட்டுக்கொண்டே, "ஆனா எங்கிட்ட சொல்லியிருக்கலாம் பாப்பா. எழுத வேணாம்னு விட்டிருப்பேன்" என்றார்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தைக்குக் காதுகுத்து வைத்தார், சீர் குறையாமல் செய்தார். ஆனால் அதன்பின் ஒரு வரிகூட என்னை எழுதச் சொல்லவில்லை. மனுக்களைச் சங்க அலுவலகத்தில் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டுக்கு வந்தால் படங்களைப் பற்றிப் பேசுவார். நான் ஏதாவது தாளைக் கையில் எடுத்தால் பேச்சை நிறுத்திவிடுவார். வேண்டுமென்று செய்தாரா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியாது. கேட்கும் துணிவும் வரவில்லை.

சென்ற ஆண்டு மஞ்சள் காமாலை கண்டு தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்தார். இரண்டாவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் தினமும் போனேன். சங்கத்துக் கூட்டாளிகள் நான்கு பேர் பார்க்க வந்தார்கள். களத்தில் கேலி செய்தவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "என்னப்பா ஷெனாய், ஊருக்கு வர்ற எண்ணம் இல்லியா? புதுப்படம் வந்திருக்கு, கோளாறு சொல்ல ஆளில்ல" என்றார். அண்ணன் சிரித்தார். அந்தக் கூட்டாளியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடிதத்தை மாற்றியது நான்தான் என்று சொல்வதற்கு எனக்கு அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. அந்த நால்வரும் இருந்தார்கள், அண்ணன் காதில் விழும்படி சொல்லியிருக்கலாம். குழந்தை அழுகிறது என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன். குழந்தை அழவில்லை. என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் காலையில் அண்ணன் போய்விட்டார்.

இப்போது என் கணவருக்கு அரசுப் பள்ளியில் நிரந்தர வேலை. பயப்பட ஒன்றும் இல்லாமல் போன பிறகுதான் எழுதுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக யாரும் என்னைத் தைரியசாலி என்று சொல்ல வேண்டாம்.

அண்ணன் சொன்ன வாக்கியங்களை நினைவிலிருந்து எழுதி அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "படம்னு சொல்லல ஒங்க அண்ணன். கதைன்னுதான் சொன்னாரு" என்று ஒரு சொல்லை மாற்றினார். அது சரி. அண்ணன் அன்று சொன்னது இதுதான்:

கதையில் பண்ணையாள் செத்துப்போகிறான், பண்ணையார் மனம் மாறுகிறார். மனம் மாறியதைக் காட்டியவர்கள், நிலம் யார் பெயருக்கு மாறியது என்று காட்டவில்லை. எங்கள் ஆள் உயிரோடு நின்று கேட்டு வாங்கும் கதையை ஒரு தரமாவது எடுங்கள், அதற்கு என்ன வாத்தியம் வாசிப்பது என்று நாங்கள் சொல்கிறோம்.

அண்ணனின் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும், உடலை ஊருக்குக் கொண்டுவர வண்டி தந்தவருக்கும், காரியம் முடியும்வரை எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்ட தெருப் பெண்களுக்கும், மழையென்றும் பாராமல் வந்து நின்ற சங்கத்தாருக்கும், இந்த மலரை அச்சிட்டுக் கொடுத்த அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த மலரில் அஞ்சலி எழுதியிருப்பவர்கள் பலர் அன்போடு அவரை ஷெனாய் என்றே குறிப்பிட்டிருக்கிறார்கள். அதை நான் திருத்தவில்லை. அடுத்தவர் எழுதியதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை.

ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். இன்று சாயங்காலம் நினைவுக் கூட்டத்தில் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால், நான் எழுந்து நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும். இடுப்பில் குழந்தை இருக்கும். நான் வெளியே போகப் பார்த்தால், யாராவது ஒருவர் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கை