மாத்திரைகள் வந்தார்கள்

இயந்திரத்துக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது அப்படியொன்றும் கஷ்டமான தொழில் இல்லை. அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்று ஆபீசில் இருப்பவர்களை நம்பவைப்பதற்குள்தான் உயிர் போய்விடுகிறது. கொண்டாப்பூரில் ஒரு கம்பெனியில் சுவாஹிலி மொழி சரிபார்ப்பவள் நான். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஹைதராபாத் ஆஸ்பத்திரிகளுக்கு வரும் நோயாளிகளிடம் அவர்கள் மொழியிலேயே பேசும் செயலி ஒன்றைத் தயாரிக்கிறோம். தெரிந்ததைத் தெரியாதவர்களிடம் நிரூபித்தே காலம் தள்ளும் சகபாவிகளே, என் கதையையும் கேளுங்கள்.

வேலை கிடைத்த விதம்

என் கணவருக்கு முன்பு தார் எஸ் சலாமில் வேலை. அங்கே மீனுக்கும் வெண்டைக்காய்க்கும் பேரம் பேசிப் பேசியே எனக்கு சுவாஹிலி வந்தது. திரும்பி வந்து ஹைதராபாத் ஹப்சிகுடாவில் வீடு பிடித்த பிறகு, அந்த மொழி தெரிந்த ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போனேன்.

எச்.ஆர். பெண் தாம்பரத்துக்காரி. "கொஞ்சம் பேசிக் காட்டுங்க" என்றாள். தக்காளி அழுகியிருக்கிறது, விலையைக் குறை என்று சந்தையில் சண்டை போடுவதை அப்படியே சொல்லிக் காட்டினேன். கண் கொட்டாமல் கேட்டு, தலையாட்டி, மதிப்பெண்ணும் போட்டாள். எதற்குப் போட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கை கொடுக்கும்போது கேட்டாள்: "சூப்பர் மேடம்! அப்படியே ஆப்பிரிக்கனும் பேசுவீங்களா?"

குடும்பம் நடக்கலையா?

செயலி முதன்முதலாக வாயைத் திறந்த அன்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். சுவாஹிலியில் பெயர்ச்சொற்களெல்லாம் கூட்டம் கூட்டமாகப் பிரிந்திருக்கும். எந்தக் கூட்டமோ, அதன் அடையாளம் வினைச்சொல்லின் தலையிலும் ஏறி உட்காரும். 'கிதாபு' தொலைந்தால் 'கிமெபொதேயா'. அதுவே பல புத்தகங்களாகி 'விதாபு' ஆனால் 'விமெபொதேயா'. மனிதர்களுக்கு வேறு, மரங்களுக்கு வேறு. 'வந்தான்', 'வந்தது' என்று நாம் வாலில் வைப்பதை அவர்கள் தலையில் வைக்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் செயலியோ எல்லாவற்றையும் மனிதர்கள் கணக்கில் சேர்த்துவிட்டது. தமிழில் சொன்னால், மாத்திரைகள் வந்தார்கள், ஊசி உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கு நிரல் எழுதிய கிரண், சென்னையில் படித்த தெலுங்குப் பையன், நல்ல பிள்ளை. பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினேன். அவனும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "மேடம், எங்க தெலுங்குல பெண்டாட்டி வந்தாலும் 'ஒச்சிந்தி'தான், பஸ் வந்தாலும் 'ஒச்சிந்தி'தான். குடும்பம் நடக்கலையா?"

நக்கோ

சோதனை செய்யும் பிரிவில் சாதிக். பழைய நகரத்துக்காரர், டீ வாங்கிக் கொடுக்காமல் யாரையும் அனுப்பமாட்டார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கச்சேரி ரசிப்பதுபோல் செயலியைக் கேட்பார். நான் பிழைகளை அடுக்க அடுக்க, பாவம் இந்த அம்மாவுக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை என்ற முகத்தோடு என்னைப் பார்த்தார். டென்ஷன் வேண்டாம், இவ்வளவு நுணுக்கம் எதற்கு, குரல் நன்றாக வருகிறதே, அது போதாதா என்பது அவர் கட்சி. அவருடைய ஹைதராபாத் உருதுவில் கேட்டால்தான் அதன் ருசி: "டென்ஷன் நக்கோ மேடம்! இத்தா பாரீக் கைக்கு தேக்ரே? ஆவாஸ் அச்சி ஆரி, பஸ்."

திருப்பிப் போட்டுப் பார்ப்பது

மேனேஜர் வெங்கட் கோயம்புத்தூர்க்காரர். மரியாதைக்குக் குறைவே வைக்கமாட்டார். காது மட்டும் கொடுக்கமாட்டார். சுவாஹிலி தெரியாமலே சுவாஹிலியைப் பரீட்சை செய்ய அவர் ஒரு வழி வைத்திருந்தார். செயலி சொன்னதை அதே செயலியிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பச் சொல்வார். தான் உளறியது தனக்குப் புரியாதா என்ன? அழகான ஆங்கிலம் வந்து விழும். எல்லா வரிக்கும் பச்சை விளக்கு. பரீட்சை எழுதியவனிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்துவிட்டு, நூற்றுக்கு நூறு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. டெமோ நன்றாக நடந்தால் நீட்டிப்பு, சொதப்பினால் வீடு. அதைவிட, ஊர் விட்டு ஊர் வந்து பயந்துபோய் நிற்கிற நோயாளியிடம் இந்த உளறலையா பேசவிடுவது என்ற ஆத்திரம். டெமோவுக்குச் சம்மதம் தரமாட்டேன் என்று எழுதி அனுப்பினேன். வெங்கட் என் மேசைக்கே வந்துவிட்டார்: "ஏனுங்க மேடம், மெஷினே ஒத்துக்கிச்சு. நீங்க மட்டும் ஏனுங்க ஒத்துக்க மாட்டேங்கறீங்க?"

இதோட அம்மா யாரு?

என் சம்மதத்துக்குக் காத்திராமல் நடந்த டெமோவுக்குத் தார் எஸ் சலாமிலிருந்தே ஒரு டாக்டரம்மா வந்தார். அவர் சரி என்றால் அங்கிருந்து வரும் நோயாளிகளுக்கெல்லாம் எங்கள் செயலிதான். முத்து மாலை, பூங்கொத்து, முந்திரி பிஸ்கட் எல்லாம் தயார். கிரண் பட்டனைத் தட்டினான். குழைவான பெண் குரலில் செயலி வரவேற்றது. தமிழ்ப்படுத்தினால் இப்படி: "மாத்திரைகள் தயாராக இருக்கிறார்கள். கட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்."

டாக்டரம்மா முதலில் திரும்பிப் பார்த்தார், யாராவது உள்ளே வருகிறார்களோ என்று. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அது சந்தோஷச் சிரிப்பு என்று நினைத்து வெங்கட்டும் சிரித்தார். வெங்கட் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா எல்லோருக்கும் புரிய ஆங்கிலத்தில் சொன்னார்: "ரொம்ப அழகு. எங்க ஊர்ல மூணு வயசுக் குழந்தை இப்படித்தான் பேசும். இதோட அம்மா யாரு?"

சிரிப்பு நின்றது. கிரண், சாதிக், வெங்கட் எல்லோருடைய கையும் ஒரே நேரத்தில் என் பக்கம் நீண்டது. எதிலும் ஒத்துப்போகாத அந்தக் குழு ஒத்துப்போய் நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். குழந்தையைச் சரியாகப் பேசவைத்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று டாக்டரம்மா கிளம்பிவிட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானேன்.

மறுநாள் காலை மேசைமேல் என் ஒப்பந்தம், நீட்டிக்கப்பட்டு, கையெழுத்தோடு இருந்தது. நம்ப முடியாமல் வெங்கட்டிடமே போய்க் கேட்டேன். "என்னங்க மேடம் இப்படிக் கேட்டுப்போட்டீங்க? நீங்க இல்லாட்டி அடுத்த டெமோவுல அந்த டாக்டரம்மாவுக்கு யாருங்க பதில் சொல்றது?"

சுவாஹிலியில் செய்தது யாரோ, அவர் அடையாளத்தைத்தான் வினைச்சொல் தலையில் சுமக்கும். எங்கள் ஆபீசில் செய்தது யாராக இருந்தாலும் சுமக்கிற தலை என்னுடையது.