அம்மா இல்லாத கதைப்புத்தகம்

மலேசியாவில், பாடாங் செராய் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கான கதைப்புத்தகங்களை வாங்குவதும் நான்தான். சொற்கள் எளிமையாக இருக்கின்றனவா, படங்கள் அழகாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்ப்பேன்.

போன வருடம் ஒரு மாணவி எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் வாய் திறக்கவில்லை. ஆங்கிலம் வரவில்லை போலும் என்று நினைத்தேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து காரணம் கேட்டேன்.

“எல்லாக் கதையிலயும் அம்மா வந்துர்றாங்க டீச்சர்,” என்றாள்.

அவள் அம்மா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நான் சாவு வீட்டுக்குப் போய் வந்தவள். அப்படியும் எனக்கு இது தோன்றவில்லை. அன்று மாலை அலமாரியில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அவள் சொன்னது உண்மைதான்.

சனிக்கிழமை சுங்கைப் பட்டாணி நகரத்துக்குப் போய்த் தேடினேன். மூன்றாவது கடையில், மகளுக்குத் தலைபின்னப் பழகும் ஓர் அப்பாவின் கதை கிடைத்தது.

திங்களன்று அவள் அதை எழுத்துக்கூட்டி, நிறுத்தி நிறுத்தி, கடைசிவரை வாசித்தாள்.

“வீட்டுக்குக் கொண்டு போவட்டா டீச்சர்? அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது லா. நான் படிச்சுக் காட்டுறேன்.”

கொண்டு போகச் சொன்னேன்.