பதினொரு பூசணிக்காய்

பொன்னமராவதிக்குப் பக்கத்தில் செவந்தி வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஆண் குரல் கேட்டு நாலு வருஷமாகிவிட்டது. புருஷன் சேவுகன் கல்யாணமாகி ஏழாம் மாதமே ரங்கூன் அரிசி மில்லுக்குக் கப்பலேறினான். ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததோடு கடுதாசி நின்றது. இருக்கிறானா, போய்விட்டானா, சொல்ல ஆளில்லை. வீட்டில் மிச்சம் செவந்தியும் மாமியார் பொன்னுத்தாயும்தான்.

"ஆத்தா வீட்டுக்குப் போயிட்டு வாரேன் அயித்த" என்று அவள் கேட்காத மாதமில்லை. "அவன் வந்து அனுப்பட்டும்" என்பாள் மாமியார். கீரனூரிலிருந்து அண்ணன் இருளாண்டி இரண்டு தடவை வந்து கெஞ்சிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். புருஷன் ஊரில் இல்லாதவள் வாசல் தாண்டினால் ஊர் நாலு விதமாகப் பேசும். ஊருக்கு வேறு வேலை என்ன இருக்கிறது?

அவளுக்கு மிச்சமிருந்தது கொல்லைதான். மழை பொய்த்த அந்த வருஷம் கத்தரியும் அவரையும் கருகிப்போயின. கிணற்றுத் தண்ணீர் குடிக்கவே காணாது. அரிசி களைந்த தண்ணீரையும், பாத்திரம் கழுவியதையும், குளித்து ஓடியதையும் சிறு வாய்க்கால் வெட்டி, சாம்பலும் ஆட்டுப் புழுக்கையும் போட்ட ஒரு குழிக்குத் திருப்பினாள். அதில் பூசணி பிடித்தது. கொடி கூரையேறிப் பதினொரு காய் காய்த்தது. உறி கட்டி விட்டத்தில் தொங்கவிட்டாள்.

தொங்கவிட்டு என்ன பயன்? முழுப் பூசணியில் பெண்பிள்ளை கத்தி வைக்கக் கூடாது. வீட்டு ஆண்பிள்ளை முதல் வெட்டு வெட்டிக் கொடுக்க வேண்டும். இருளாண்டி வந்திருந்தபோது அரிவாளை எடுத்தான். "ஏன், எம்மகன் இல்லயின்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள் பொன்னுத்தாய். அரிவாள் கீழே போய்விட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வார்கள். அந்த வீட்டில் மறைக்கச் சோறுதான் இல்லை.

ரேஷன் அரிசி தீர்ந்த மூன்றாம் நாள், செவந்தி உரல்மேல் ஏறி ஒரு முடிச்சை அவிழ்த்தாள். காய் விழுந்து சிதறியது.

மாமியார் ஓடி வந்தாள். கயிற்றைப் பார்த்தாள்.

"தானா விழுந்துச்சா?"

"ஆமா அயித்த."

"தானா விழுந்தா தோசமில்ல. அள்ளிக் கொழம்பு வையி."

அதற்குப் பிறகு பத்து நாளைக்கு ஒன்று தானாக விழுந்தது. ஒருமுறை எலியைத் திட்டினாள் மாமியார், ஒருமுறை கயிறு விற்றவனை. செவந்தி விதைகளைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்தாள். வயிறு நிறைந்தது, ஆனால் வாசல் மட்டும் திறக்கவில்லை.

கடைசிக் காய் ஒன்று தொங்கியபோது இருளாண்டி மூன்றாம் தடவையாக வந்தான். அவனை வைத்துக்கொண்டே பொன்னுத்தாய் செவந்தியிடம் சொன்னாள்:

"கயிறு அந்து விழுந்ததுக்கும் முடிச்சு அவுந்து விழுந்ததுக்கும் வித்தியாசம் தெரியாதவ இல்ல நான். பசி, வாயப் பொத்திக்கிட்டேன். இது ஒண்ண அவன் வந்து வெட்டட்டும்னு வச்சிருக்கேன். இதுவும் விழுந்தா அவன் இல்லயின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்பறம் ஒன்னயத் தடுக்க எனக்கென்ன இருக்கு? அண்ணனோட கெளம்பிக்க."

அண்ணன் செவந்தியையே பார்த்தான். அவள் உரல்மேல் ஏறி முடிச்சில் கை வைத்தாள். போக வேண்டும், அன்றைக்கே, அண்ணன் திரும்பும் பஸ்ஸிலேயே போக வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சேவுகன் முகம்கூட அவளுக்குச் சரியாக நினைவில் இல்லை. ஒரு இழுப்புத்தான்.

கீழே பார்த்தாள். சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று மாமியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

செவந்திக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பழைய முடிச்சின் மேலேயே இன்னொரு முடிச்சைப் போட்டு, பல்லைக் கடித்து இறுக்கினாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, நீ போண்ணே" என்றாள்.