இஸ்தோப்பில் ஒரு புத்தக அலுமாரி

அமெரிக்கத் தொழிலாளிகளின் தனிமையை நினைத்து நான் அழுத அளவுக்கு அமெரிக்காவிலேயே யாரும் அழுதிருக்க மாட்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில், ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்னும் வரிசை வீடுகளில் என் நண்பனின் ஒற்றை அறைக் காம்பராவில் ஞாயிறுதோறும் உட்கார்ந்து அழுதேன். பிளேன்டீ அவன் செலவு.

எங்கள் காம்பராவில் எட்டுப் பேர். அவனுடையதில் அவன் மட்டும். அவனுக்குப் பதினைந்து வயதில் குடும்பம் கப்பலேறி இந்தியா போனது. பத்திரத்தில் அவன் பெயர் விடுபட்டிருந்ததால் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு, பின்னால் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார்கள். யுத்தத்தில் கப்பல் நின்றது. பிறகு சித்தப்பாவும் செத்தார். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் அவன் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்வான். என்னைத் தவிர அவனோடு யாரும் பேசியதாக நினைவில்லை. அவனும் யாரையும் தேடிப் போனதில்லை.

பதுளை நூலகத்தில் இரவல் வாங்கிய அமெரிக்க நாவல்களை அவனுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசிப்பேன். பழத்தோட்டம், மரஆலை, ரயில் பாதை என்று வேலை தேடி அலையும் ஆண்களின் கதைகள். அகராதியில் கிடைக்காத சொற்களுக்கு நானே பொருள் கொடுத்தேன். அமெரிக்க இலக்கியம் அதனால் பெரிதாகக் கெட்டுவிடவில்லை.

"அவங்களுக்கு லயம் இல்லையாடா?" என்று கேட்டான் ஒருநாள்.

"இல்ல. ஒரே கொட்டகைல முப்பது நாப்பது பேரு படுத்துக் கெடப்பானுக."

"அப்ப பேச்சுத்தொணைக்குப் பஞ்சமில்ல."

"பேசிக்க மாட்டாங்கடா. ஒவ்வொருத்தனும் தனியா வந்தவன்."

அவன் அடுப்பை ஊதிவிட்டுச் சொன்னான். "சும்மா எழுதியிருப்பான். நாப்பது பேரு எப்புடிடா பேசாம இருப்பானுக?"

பிறகு எனக்குக் கலியாணம் பேசினார்கள். எல்ல பக்கத்துப் பெண். தனிக் காம்பரா இருந்தால்தான் பெண் என்றார்கள். தோட்டத்தில் ஒன்றும் காலியில்லை. நிச்சயம் கலைந்துபோகும் என்று நான் நாவல்களில் வருவதைப் போல முகத்தை வைத்துக்கொண்டு அவன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"இங்கயே கூட்டிக்கிட்டு வா. நான் இஸ்தோப்புல படுத்துக்குறேன்," என்றான்.

காம்பராவுக்கு முன்னால் கூரை இறக்கிய அந்தச் சின்ன இடத்தில் சாக்குத் தொங்கவிட்டு ஒன்பது மாதம் படுத்தான். ஊவா மலைக் குளிர் சாக்குக்கெல்லாம் மரியாதை கொடுப்பதில்லை. காலையில் என் மனைவி கதவைத் திறப்பதற்குள் பாயைச் சுருட்டிவிடுவான். அவளுக்கு அவன்மேல் கோபம் எதுவும் இல்லை. இஸ்தோப்பைப் பார்த்து, "இங்க ஒரு அலுமாரி வச்சா ஒங்க புஸ்தகம் நனையாது," என்று ஒருமுறை சொன்னாள், அவ்வளவுதான். அது என் தலைக்குள் வேலை செய்யத் தொடங்கியது.

லயங்களுக்குப் புதுத் தகரம் போட, யார் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று எழுதினார்கள். ஒண்டி ஆளுக்கு இனித் தனிக் காம்பரா இல்லை, குடும்பத்தோடு சேர்ந்தவன் என்றால் இருக்கலாம். இது தெரிந்து அவன் முதல் நாளே என்னிடம் சொன்னான்: "கேட்டா அண்ணன்னு சொல்லிருடா. என்னத்தப் பாக்கப் போறாங்க."

மறுநாள் வந்த தோட்ட ஆபீஸ் கிளாக்கர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், இரக்கமான மனிதர். சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"இந்தாள் ஆர் உமக்கு?"

நான் சாக்கின் கிழிசலைப் பார்த்தேன்.

"தமையனோ? தமையன் எண்டால் சொல்லும், எழுதிவிடுறன்."

பேனாவைத் தாளில் வைத்தபடியே நின்றார். நண்பன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் பொய் வெளுத்துவிடும் என்று பயந்திருப்பான்.

"கூட வேலை செய்றவருங்க," என்றேன்.

உண்மைதானே. படித்தவன் பொய் சொல்லலாமா என்று அன்று முழுவதும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவன் ஒரு தகரப் பெட்டியையும் கேத்தலையும் எடுத்துக்கொண்டான். மழை வருகிறதா என்று வெளியே பார்த்துவிட்டு இறங்கிப் போனான்.

அவனைப் பழைய பிள்ளைக்காம்பராவில் போட்டார்கள். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது, புதியது கட்டியபின் பாழாய்க் கிடந்தது. அங்கே ஏற்கெனவே மூன்று ஒண்டி ஆட்கள். தொழிற்சாலை மாடியிலும் அவன் என்னோடு சேராத வேறு நேர முறைக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

மூன்றாவது ஞாயிறு, புது நாவல் ஒன்றோடு போனேன். நாலு மூலையில் நாலு பேர், நாலு அடுப்பு. ஒவ்வொருவரும் அவரவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

"நீ வாசிச்சது சரிதான்," என்றான். "பேசிக்க மாட்டாங்க."

நான் புத்தகத்தைத் திறந்தேன்.

"இங்க வேணாம், ஆளுக தூங்குறாங்க. வெளிய போயி வாசி."

வெளியே போய்ப் படியில் உட்கார்ந்து வாசித்தேன். நல்ல அத்தியாயம். கண்ணீர் வந்தது. அடுத்த மாதம் இஸ்தோப்பில் அலுமாரி வைத்தேன். அவன் அந்த வருடமே மொனராகலைக்குக் கரும்பு வெட்டப் போய்விட்டதாகக் கேள்வி. பதுளையிலிருந்து நேர் பஸ் இருக்கிறது. ஒருநாளும் ஏறியதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் ஆசிரியனாகி, பத்திரிகையில் நாலு எழுதி, பதுளையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் அமெரிக்க நாவல்களில் தொழிலாளரின் நட்பும் தனிமையும் பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இவ்வளவு உருக்கமாப் பேசுறீங்களே சேர், ஒங்களுக்கு அப்படி ஒரு கூட்டாளி இருந்தாரா?"

ஒலிவாங்கி கையில் இருந்தது. சபை காத்திருந்தது.

"கூட வேலை செஞ்சவர் ஒருத்தர் இருந்தாரு," என்றேன்.