எல்லாருக்கும் புரிந்த தெர்மோடைனமிக்ஸ்

1. ஏசி அறை

ராமநாதபுரம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. மெக்கானிக்கல் துறையில் சாயங்காலம் தமிழில் ஒரு டுடோரியல் வகுப்பு எடுத்து வந்தேன். போன வருஷம், அது தேவைதானா என்று நிர்வாகத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மாணவர்களைப் பேட்டி எடுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம் என்றார்கள்.

எங்கள் துறைத்தலைவர் சிக்கலான ஆள். தெர்மோடைனமிக்ஸ் நடத்துவது அவர்தான். எண் இல்லாத ஆராய்ச்சியை அவர் ஆராய்ச்சியில் சேர்ப்பதில்லை.

"என்னம்மா, பிள்ளைககிட்ட கதை கேக்குறதுக்குப் பேரு ஆராய்ச்சியா?"

"ஆமா சார். குவாலிட்டேட்டிவ் ரிசர்ச்."

"சரி, என் ரூம்லயே வச்சுக் கேளுங்க. ஏசி இருக்கு."

கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

2. ஒரே பதில்

வந்தவர்கள் எல்லாரும் சட்டையை இன் பண்ணி, அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாடம் புரிகிறதா என்றேன்.

"ரொம்ப நல்லாப் புரியுது மேம்."

டுடோரியல்?

"இல்லன்னாலும் ஓகே மேம்."

அடுத்தவனும் அதையே ஒப்பித்தான். தர ஆய்வுக் குழு வரும்போதெல்லாம் குறை சொல்லக் கூடாது என்று பழக்கி வைத்தது நாங்கள்தானே. மேசையில் ரெக்கார்டரையும் தண்ணீர் பாட்டிலையும் பார்த்ததும் குழு வந்துவிட்டதாக நினைத்துவிட்டார்கள்.

பேட்டிகளில் புதிதாக எதுவும் வராத கட்டத்துக்குச் சாச்சுரேஷன் என்று பெயர். அதற்குமேல் கேட்க வேண்டியதில்லை. என் ஆராய்ச்சியில் இந்த ஒரு சொல் மட்டும் சாருக்குப் பிடித்துப்போயிற்று.

"சாச்சுரேஷன் வந்துருச்சும்மா. முடிச்சு எழுதிருங்க."

என் வகுப்பு வேண்டும் என்று நானே எப்படி எழுதுவது?

3. கேன்டீன்

கடைசிப் பேட்டியைக் கேன்டீனில் வைத்துக்கொண்டேன். தங்கச்சிமடத்து ஜெனிபர். அவளும் எல்லாம் புரியுது என்றாள். ரெக்கார்டரை அணைத்துவிட்டு டீ சொன்னேன்.

"மேம், நெசமாவே டுடோரியலை நிப்பாட்டப் போறாங்களா?"

"நீங்கதானே வேணாங்கிறீங்க."

"வேணும்னு சொன்னா சார் பாடம் புரியலன்னு ஆயிருமே மேம். அவரு போர்டைப் பாத்துத்தான் பேசுறாரு. போர்டுக்குப் புரிஞ்சிருக்கும். எனக்கு டுடோரியல்ல வந்துதான் புரியுது. அரியர் விழுந்தா வீட்ல படிச்சது போதும்னுருவாக."

பெயர் வெளியே வராது, மறுபடி சொல்வாயா என்றேன். டீயைக் குடித்து முடித்தாள். பிறகு, "ரெக்கார்டரைப் போடுங்க மேம்" என்றாள்.

4. சார் படித்தார்

'போர்டுக்குப் புரிஞ்சிருக்கும்' என்ற வரியில் சார் நின்றுவிட்டார்.

"யாரும்மா இது?"

"சொல்லக் கூடாது சார். ஆராய்ச்சி விதி."

"எண்ணே இல்ல, இதுல விதி வேறயா!"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டுடோரியல் தொடர வேண்டும் என்ற அறிக்கையில் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் டுடோரியலுக்கு அவரே வந்து என்ட்ரோபியைத் தமிழில் நடத்தினார். முடித்ததும் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"புரியுதாப்பா?"

"புரியுது சார்!"

என்னைப் பார்த்தார். "சாச்சுரேஷன்மா."

மூன்றாவது பெஞ்சில் ஜெனிபர் எழுந்தாள்.

"எனக்குப் புரியல சார்."

கேன்டீனில் பேசியது யார் என்று சாருக்கு அப்போது தெரிந்திருக்கும். சாக்பீஸை வைத்துவிட்டு அவள் பெஞ்சுக்கே போனார்.

"எங்கனம்மா புரியல?"

பின்னாலிருந்து இன்னும் நாலைந்து கைகள் எழுந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

புதிதாகப் பேட்டி எடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னால், ஏசி அறையை விட்டு வெளியே வந்து டீ சொல்லுங்கள்.